ஹெரால்டு லார்வுட்

விளையாட்டில் வெற்றி தேடித் தந்த வீரனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவது உலக வழக்கம். ஆனால், தம் நாட்டுக்கு அரியதொரு வெற்றியைத் தேடித் தந்து, அவ்வெற்றியின் காரணமாகவே அந்நாட்டு அணியில் மீண்டும் இடம் பெறாமற் போன வீரர் ஒருவர் உண்டு. அவரே ஹெரால்டு லார்வுட். இங்கிலாந்து ஈன்ற வேகப்பந்து வீச்சாளர்களுள் தலைசிறந்தவர் என்று பலராலும் மதிக்கப்படுபவர். அவருடைய வரலாறு ஓர் ஆட்டக்காரரின் வரலாறு மட்டுமன்று; ஆணையிட்டவர் யார், பழி சுமந்தவர் யார் என்னும் வினாவை நம் முன் வைக்கும் வரலாறும் ஆகும்.

லார்வுட் 1904-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்திலுள்ள நன்கார்கேட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊர். தந்தையாரும் சுரங்கத்தில் உழைத்தவரே. பதின்மூன்றாம் வயதில் லார்வுட்டின் பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் அன்னெஸ்லி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கரி ஏற்றிய சிறு வண்டிகளை இழுக்கும் மட்டக்குதிரைகளை மேய்த்து நடத்துவது அவர் வேலை. பகலவனின் ஒளி புகாத பாதாளத்தில் உழைத்த அச்சிறுவனுக்கு, மாலை வேளையில் பசும்புல் வெளியில் ஆடிய கிரிக்கெட் ஆட்டமே இன்பமாக இருந்தது. சுரங்க வேலை அவருடைய தோளுக்கும் முதுகுக்கும் உரம் ஊட்டியது.

1923-ஆம் ஆண்டில், நாட்டிங்காம் நகரின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் அவருடைய திறமை சோதித்துப் பார்க்கப்பட்டது. மாவட்டக் கழகம் அவரை ஊதியத்துக்கு அமர்த்திக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், அதாவது 1926-இல், அவர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் சார்பில் ஆடினார். அவர் நெடிய உருவினர் அல்லர். உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மிகாது. ஆயினும், அவர் ஓடிவந்து பந்தை விடுக்கும் முறை வழுவற்றதாக இருந்தது. காலடி ஓசையும் கேளாதபடி மெல்லத் தொடங்கி, அடிக்கு அடி விரைவு கூட்டி வந்து, தோளின் முழு வலிமையையும் பந்தில் ஏற்றி விடுப்பார். வேகத்தோடு குறி தவறாமையும் அவரிடம் சேர்ந்திருந்தது. வேகமாக எறிபவர் பலர்; குறித்த இடத்தில் வேகமாக எறிபவர் சிலரே. லார்வுட் அச்சிலருள் முதல்வர். இங்கிலாந்தின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் ஐந்து முறை அவரே முதலிடம் பெற்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் இரு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பெறாது ஆடிய செல்வர் ஒரு வகுப்பினர். ஊதியம் பெற்று ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர் மற்றொரு வகுப்பினர். ஒரே அணியில் ஆடிய போதிலும், பல மைதானங்களில் இவ்விரு வகுப்பினருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு. களத்துக்குச் செல்லும் வாயில்களும் வேறு. இங்கிலாந்து அணியின் தலைமை செல்வர் வகுப்பினர்க்கே உரியதாகக் கருதப்பட்டது. இவ்வேறுபாடு 1962-ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. லார்வுட்டின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இச்செய்தியை நாம் நினைவில் இருத்தல் வேண்டும்.

1930-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. அவ்வணியின் இளைஞர் டான் பிராட்மன், ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் 974 ஓட்டங்கள் குவித்தார். லார்வுட் உள்ளிட்ட எவராலும் அவரைத் தடுக்க இயலவில்லை. 1932-இல் ஆஸ்திரேலியா செல்லவிருந்த இங்கிலாந்து அணிக்கு டக்ளஸ் ஜார்டைன் தலைவரானார். அவர் பம்பாயில் பிறந்து, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், செல்வர் வகுப்பினர், எடுத்த செயலை முடிக்கும் வரை இளகாத நெஞ்சினர். பிராட்மனை அடக்க அவர் ஒரு சூழ்ச்சி வகுத்தார். அச்சூழ்ச்சிக்கு ஏற்ற படைக்கலம் லார்வுட்டின் வேகம் என்று கண்டார்.

அச்சூழ்ச்சி யாது? விரைந்து வரும் பந்து, மட்டை பிடித்திருப்பவரின் காலடிக்கு நெடுந்தொலைவு முன்னரே தரையில் குத்தி, அவர் மார்பையும் தலையையும் நோக்கி எழும்ப வேண்டும். அவருடைய கால்புறத்தில் ஐந்தாறு பேர் வளைத்து நிற்க வேண்டும். அவர் மட்டையால் பந்தைத் தடுத்தால் அருகில் நிற்பவர் பிடித்துவிடுவர். ஓங்கி அடித்தால் தொலைவில் நிற்பவர் பிடித்துவிடுவர். வாளா இருந்தால் பந்து உடலில் தாக்கும். இக்காலத்தைப் போலத் தலைக்கவசம் அந்நாளில் இல்லை. ‘பாடிலைன்’, அதாவது உடலைக் குறிவைக்கும் வீச்சு என்று ஆஸ்திரேலியர் இதற்குப் பெயரிட்டனர்.

இம்முறையை அணியிலிருந்த அனைவரும் ஏற்கவில்லை. கப்பி ஆலன் என்னும் வேகப்பந்து வீச்சாளர் இவ்வாறு வீச மறுத்தார். அவர் செல்வர் வகுப்பினர். அவரை ஜார்டைன் நீக்கவில்லை. இந்தியாவைச் சேர்ந்த பட்டோடி நவாப், கால்புற வளையத்தில் நிற்க மறுத்தார். இரண்டாம் ஆட்டத்துக்குப்பின் அத்தொடரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. லார்வுட்டோ கூலிக்கு ஆடுபவர். தலைவரின் சொல்லைத் தட்டினால் பிழைப்பே போகும் நிலையில் இருந்தவர். ஆயினும், அவர் அஞ்சி மட்டும் கீழ்ப்படிந்தார் என்று சொல்லுதல் பொருந்தாது. ஜார்டைனிடம் அவருக்கு மெய்யான மதிப்பு இருந்தது. அம்மதிப்பு இறுதி வரை குன்றவில்லை.

1933-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் அடிலெய்டு நகரில் மூன்றாம் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. சனவரி 14-ஆம் நாள், 50,000-க்கும் மேற்பட்ட மக்கள் பார்த்திருக்க, லார்வுட்டின் பந்து ஆஸ்திரேலியத் தலைவர் வுட்புல்லின் நெஞ்சில் தாக்கியது. அவர் வலி பொறாது துவண்டார். அப்பொழுது களத்தில் இருந்தது வழக்கமான காவல் முறையே. ஆயினும், சிறிது நேரத்துக்குப்பின் லார்வுட் மீண்டும் வுட்புல்லுக்குப் பந்து வீச வந்தபோது, காவலரைக் கால்புறத்துக்கு மாற்றும்படி ஜார்டைன் ஆணையிட்டார். மக்கள் கொதித்து எழுந்தனர். இரண்டு நாள் கழித்து, விக்கெட்டுக் காவலர் ஓல்டுபீல்டின் மண்டை ஓட்டில் பந்து பட்டு எலும்பு விரிந்தது. அடிக்க முயன்றபோது மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்த பந்து அது. குற்றம் லார்வுட்டுடையதன்று என்று ஓல்டுபீல்டே கூறினார். எனினும், சினங்கொண்ட மக்கள் செவிக்கு அச்சொல் எட்டவில்லை.

இங்கிலாந்தின் செயல் விளையாட்டுப் பண்புக்கு மாறானது என்று ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் தந்தி அனுப்பியது. இங்கிலாந்தில் ஆட்டத்தை ஆண்ட எம்.சி.சி. கழகம், தன் அணியின் மீது தனக்கு முழு நம்பிக்கை உண்டு என்று விடை அனுப்பியது. தொடரில் இங்கிலாந்து நான்கு ஆட்டங்களை வென்றது. ஆஸ்திரேலியா ஒன்றை வென்றது. லார்வுட் மட்டும் 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வாழ்நாள் சராசரியாக 99.94 ஓட்டங்கள் பெற்ற பிராட்மன், அத்தொடரில் 56.57 என்னும் சராசரியே பெற்றார்.

இறுதி ஆட்டம் சிட்னி நகரில் நடந்தது. அதில் லார்வுட் மட்டை பிடித்து 98 ஓட்டங்கள் எடுத்தார். அவரை வெறுத்த மக்களே அன்று எழுந்து கைதட்டினர். பின்னர்ப் பந்து வீசுகையில், அவருடைய இடக்கால் எலும்பு முறிந்தது. பிராட்மன் ஆட்டம் இழக்கும் வரை களத்தை விட்டு அகலாதிருக்கும்படி ஜார்டைன் பணித்தார். லார்வுட் நொண்டியபடியே நின்றார். பிராட்மன் ஆட்டம் இழந்ததும் இருவரும் ஒருங்கே களத்தினின்று வெளியேறினர். ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

1933-ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கிந்தியத் தீவு அணியினர் இங்கிலாந்து மண்ணிலேயே அம்முறையில் பந்து வீசினர். தம் கண்ணால் கண்டபின் ஆங்கிலேயர் அதன் கொடுமையை உணர்ந்தனர். எம்.சி.சி. கழகத்தின் மனமும் மாறியது. 1934-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது. அப்பொழுது, மன்னிப்புக் கோரிக் கையெழுத்திட வேண்டும் என்று லார்வுட்டிடம் கூறப்பட்டது. தலைவர் இட்ட ஆணையின்படியே பந்து வீசினேன். இதில் மன்னிப்புக் கோருவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆணையிட்ட ஜார்டைன், அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்திலும் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இனி ஆடுவதில்லை என்று பின்னர்த் தாமே விலகிக்கொண்டார். மன்னிப்பு என்னும் சுமையோ சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கே வைக்கப்பட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்னும் பழமொழி இங்கு நினைவுக்கு வருகின்றது.

அதன்பின் லார்வுட் இங்கிலாந்துக்காக ஆடவில்லை. 21 டெஸ்ட் ஆட்டங்களில் 78 விக்கெட்டுகளோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு இருபத்தெட்டாம் வயதிலேயே முடிந்தது. மாவட்ட அணிக்காக 1938 வரை ஆடினார். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 1,427. பின்னர், பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில் சிறிய மிட்டாய்க் கடை ஒன்றை நடத்தினார். கடையின் முகப்பில் தம் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை.

அங்கே அவரைத் தேடிச் சென்றவர் ஜாக் பிங்கிள்டன். 1932-33 தொடரில் லார்வுட்டின் பந்துகளை எதிர்த்து நின்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் இவர். பத்திரிகையாளரும் ஆவார். ஆஸ்திரேலியாவில் குடியேற அவர் லார்வுட்டுக்குத் துணைபுரிந்தார். 1950-இல் லார்வுட் தம் மனைவியோடும் ஐந்து பெண் மக்களோடும் ‘ஒரண்டிஸ்’ என்னும் கப்பலில் புறப்பட்டார். 1932-இல் அவரை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் சென்றதும் அக்கப்பலே. சிட்னியில் குடும்பம் தங்கிய விடுதிச் செலவில் பாதியை, லார்வுட் அறியாமலே, முன்னாள் பிரதமர் பென் சிப்லி செலுத்தினார். ஒரு காலத்தில் இரயில் எஞ்சின் ஓட்டிய அவர், உழைப்பாளியின் நிலையை உணர்ந்தவர். எந்நாட்டு மக்கள் லார்வுட்டை ஏசினரோ, அந்நாட்டு மக்களே அவரை அண்டை வீட்டாராக ஏற்றுக்கொண்டனர். 1993-ஆம் ஆண்டில், அறுபது ஆண்டுகளுக்குப்பின், பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கியது. 1995-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் சிட்னியில் அவர் காலமானார்.

லார்வுட்டின் காலத்து நிகழ்ச்சிகள் ஆட்டத்தின் விதிகளையே மாற்றின. உடலைக் குறிவைத்து இடைவிடாது வீசுதல் தவறு என்று எம்.சி.சி. அறிவித்தது. 1957-இல், கால்புறத்தில் மட்டையாளருக்குப் பின்னே இருவருக்கு மேல் நிற்றலாகாது என்று வரையறுக்கப்பட்டது. இன்று மட்டை பிடிப்பவர் பெறும் பாதுகாப்பு அவ்வாறு வந்ததே.

மாணவர்களே! திறமை பெரிது, அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது அதனினும் பெரிது. வெற்றியின்பொருட்டு ஓர் ஆணை பிறந்தால், அதன் விளைவுக்கு ஆணையிட்டவரும் பொறுப்பேற்றல் வேண்டும். எளியவன் தலையில் மட்டும் அதனைச் சுமத்துதல் அறமாகாது. களத்தில் பகைவராய் நின்றவரும் பின்னர் நண்பராய் வாழலாம் என்பதற்கு, சிட்னியில் அமைதியாகக் கழிந்த லார்வுட்டின் நாற்பத்தைந்து ஆண்டுகளே சான்று.