டெட்ராய்ட் பெண்கள் திருப்பிவைத்த வாசல்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபெரி தெருவும் பிரஷ் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு பெரிய வீடு நிற்கிறது. 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்டபோது அதன் தலைவாசல் ஃபெரி தெருவைப் பார்த்திருந்தது. 1941இல் கருப்பினப் பெண்கள் சங்கம் அதை வாங்கியபின், அந்த வாசல் அடைக்கப்பட்டுப் பிரஷ் தெருப் பக்கம் புதிய வாசல் திறக்கப்பட்டது. முகவரியும் மாறியது. ஒரு வாசல் ஏன் இடம் மாறியது என்ற கேள்விக்கான விடை, ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் நமக்கு நன்கு விளங்கக்கூடியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் பெண்கள் சங்கங்கள் பெருகின. அவை பெண்ணுரிமை பேசின. ஆனால் நிற வேற்றுமையைக் கைவிடவில்லை. 1900இல் மில்வாக்கியில் கூடிய பெண்கள் சங்கங்களின் பொதுக் கூட்டமைப்பு, போஸ்டன் கருப்பினப் பெண்கள் சங்கத்தின் பிரதிநிதியாக வந்த ஜோசஃபின் ரஃபினை ஏற்க மறுத்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த வேறொரு சங்கத்தின் பெயரில் அவர் அமரலாம் என்றது. அவர் அதற்கு இணங்கவில்லை. இத்தகைய புறக்கணிப்புகளுக்கிடையே, 1896இலேயே கருப்பினப் பெண்கள் தமக்கெனத் தேசியக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவியிருந்தனர். மேரி சர்ச் டெரல் அதன் முதல் தலைவர். தாம் மேலேறும்போதே பிறரையும் உயர்த்துவது அதன் முழக்கம்.

தென்மாநிலங்களின் நிறவெறிக் கொடுமையிலிருந்து தப்பி, தொழிற்சாலை வேலை தேடி டெட்ராய்ட்டுக்கு வந்தோர் பலர். 1910இல் 6,000க்கும் குறைவாக இருந்த அந்நகரின் கருப்பின மக்கள்தொகை 1920இல் 40,000ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டே எட்டுச் சங்கங்கள் இணைந்து டெட்ராய்ட் கருப்பினப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அதற்குச் சொந்தக் கட்டடம் தேவைப்பட்டபோது, தலைவர் ரோசா கிராக் தமது வீட்டையே அடகுவைத்துப் பணம் திரட்டினார்.

பணம் மட்டும் போதவில்லை. ஃபெரி தெருவில் வெள்ளையர் மட்டுமே சொத்து வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. குடியிருப்புகளை நிற அடிப்படையில் பிரிக்கும் நகராட்சிச் சட்டங்கள் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் அறிவித்திருந்தது. உடனே அந்த வேலையைத் தனியார் பத்திரங்கள் ஏற்றன. கருப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதென அண்டை வீட்டார் தமக்குள் ஒப்பந்தம் செய்தனர். அத்தகைய ஒப்பந்தத்தில் அரசமைப்பு தலையிடாது என்று 1926இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. எனவேதான் அப்பெண்கள் தெருவை மாற்றினர், வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1945இல் அவர்களின் கூட்டமைப்பில் 73 சங்கங்களும் 3,000 உறுப்பினர்களும் இருந்தனர்.

சட்டம் அவர்களுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. டெட்ராய்ட்டின் மெக்கீ குடும்பம் 1944இல் வாங்கிய வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1947இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தர்குட் மார்ஷல் வாதாடினார். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கோடு சேர்த்து இதையும் முடிவுசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் தனியாருடையது எனினும் அதை நிறைவேற்ற ஆணையிடும் நீதிமன்றம் அரசின் உறுப்பே என்றது. ஆகவே அந்த ஆணை சமத்துவ உரிமைக்கு எதிரானது.

இந்த வேறுபாட்டைச் சட்ட மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பார்சிகளை மட்டுமே உறுப்பினராக ஏற்கும் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று நமது உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அதற்கு அரணாக நின்றது. சிறுபான்மைச் சமூகமொன்றின் தற்காப்பாக அது தோன்றலாம். ஆனால் இதே வாதத்தை ஆதிக்கச் சாதிகளும் எடுத்தாள முடியும். கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு, வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. சாதி கேட்டு வீடு மறுப்போர் இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொள்கின்றனர்.

டெட்ராய்ட் பெண்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் தம் பெயரில் ஒரு கட்டடத்தைப் பெற்று அமைப்பை வளர்த்தனர். அதே காலத்தில் வழக்குகளும் நடந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வசதி ஒடுக்கப்பட்டோருக்கு இல்லை. வாசலைத் திருப்பிவைத்தது அவர்களின் சாதுரியம். திருப்பிவைக்க நேர்ந்தது அந்தச் சமூகத்தின் குற்றம்.