தறி ஓட்டியது சூரியன்! வாடகை கேட்டது கம்பி!

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெயிலுக்கும் பஞ்சமில்லை. "கரண்டு பில் குறையுமே" என்று கூரைமேல் சோலார் தகடு போட்ட தறிக்காரர்களுக்கு வந்தது புதுத் தலைவலி!

ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பகலில் ஓடும் தறி அதை அங்கேயே தின்றுவிடும். மிச்சம் மட்டுமே மின்வாரியக் கம்பிக்குப் போகும். ஆனால் தகடு தந்த அத்தனை யூனிட்டுக்கும் 'நெட்வொர்க் கட்டணம்' கட்டு என்றார்கள். யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கும் மேல்!

எங்க கூரையில விளைஞ்சது எங்க தறிக்கே போகுது. கம்பிக்கு எதுக்குங்க வாடகை? தறிக்காரர்களின் கேள்வி இதுதான்.

மாறிய கணக்கு

2012 சூரியசக்திக் கொள்கையில், கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்தார்கள். 2019-ல் அது மாறி, மிச்ச மின்சாரத்துக்குத் தனி விலை வந்தது. வாரியம் விற்கும் விலையைவிட அது குறைவு. 2021-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பழைய கழிவு முறையை வீடுகளுக்குத் திருப்பித் தந்தது. நெட்வொர்க் கட்டணமும் அதே உத்தரவில்தான் வந்தது.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராத்திரி ஷிப்டுக்குச் சூரியன் வராது. கம்பியும் டிரான்ஸ்பார்மரும்தான் கைகொடுக்கணும். அதற்குச் செலவு உண்டு. கம்பியில் ஏறிய யூனிட்டுக்கு வாங்கட்டும். கூரைக்குக் கீழேயே தீர்ந்துபோன யூனிட்டுக்கும் வாங்கியது என்ன கணக்கு?

2023-ல் தொழில் அமைப்புகள் போராடிய பிறகு, சிறு, குறு தொழில்களுக்கு இந்தக் கட்டணத்தை அரசு பாதியாக்கியது. தொகைதான் குறைந்தது. எந்த யூனிட்டுக்கு என்பது அப்போது மாறவில்லை.