தினம் ஒரு மில்லிமீட்டர்!

ஏழு மாசக் கர்ப்பிணி மனைவிக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று கண்ணாடி டம்ளர் கழுவப் போனேன். டம்ளர் உடைந்தது. வலது மணிக்கட்டில் ஆழமாக ஒரு வெட்டு.

"மீடியன் நரம்பு கட் ஆயிருக்கு" என்ற டாக்டர், மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்தார்.

கட்டுப் பிரித்தால், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... எல்லாம் மரக்கட்டை! ஆபீஸ் வாசல் கைரேகை மெஷின் என் விரலை அடையாளம் கண்டுகொண்டது. எனக்குத்தான் அது என் விரல் என்று தெரியவில்லை.

"தைச்சாச்சே டாக்டர், கரண்ட் வரலியே?"

"இது ஒயர் இல்ல ஸார், செடி மாதிரி. வெட்டுக்குக் கீழே இருக்கற இழையெல்லாம் அழிஞ்சுடும். வெறும் குழாய்தான் மிச்சம். மேலேயிருந்து புதுசா துளிர்த்து அதுக்குள்ளே வளரணும். உத்தேசமா தினம் ஒரு மில்லிமீட்டர்."

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்தேன். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 செ.மீ. ஆக, 180 நாள். துளிர்விடவே சில வாரம் தனி. அடேயப்பா, எங்கள் தெருவில் ரோடு போட்ட வேகம்!

இரண்டு மாதத்தில் மகள் பிறந்தாள். ஒரு நாள் அவளைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவினேன். ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்து, "பதமா இருக்கு" என்றேன். கை வைத்த மாமியார் அலறினார்: "குழந்தையை அவிச்சுடுவீங்க போலிருக்கே மாப்பிள்ளே!"

மறுநாள் என் விரலில் கொப்புளம். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. மரத்துப்போனதால் தெரியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் சேதமாகின்றன என்று காட்டினார். வலி என்பது ஒரு வாட்ச்மேன், ஸார்! அவன் லீவில் இருக்கும்வரை சூடு பார்க்க இடது கைதான்.

மாதா மாதம் டாக்டர் கையைத் தட்டிப் பார்ப்பார். ஓர் இடத்தில் 'சுரீர்' என்று விரலுக்கு ஷாக் ஓடும். இழை அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் 'சுரீர்' மணிக்கட்டைவிட்டு உள்ளங்கைக்கு நகர்ந்த நாளில் இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷம்!

நானாவது தெரியாமல் வெட்டிக்கொண்டேன். லண்டன் டாக்டர் ஹென்றி ஹெட் 1903 ஏப்ரலில், ஆராய்ச்சிக்காகத் தன் இடது கைத் தோலுக்குப் போகும் நரம்பை வேண்டுமென்றே வெட்டித் தைத்துக்கொண்டார். நண்பர் ரிவர்ஸ் நாலு வருஷம் ஊசி, பஞ்சு, சூடு, குளிர் என்று சோதித்தார். முதலில் திரும்பியது முரட்டு உணர்ச்சி. குத்தினால் எங்கே என்று சரியாகத் தெரியாது. ஆனால் உயிர் போகும்! பஞ்சின் வருடல் எல்லாம் ரொம்பப் பின்னால்தான். அவர் சொன்ன விளக்கத்தைப் பிறகு பலர் மறுத்தார்கள். என் விரலுக்கும் முதலில் வந்தது என்னவோ வலிதான்.

ஏழாம் மாதம் நுனியில் ஊசி ஊசியாகக் குத்தியது. ஆனால் நடுவிரலைத் தொட்டால் ஆள்காட்டி விரலைத் தொட்ட மாதிரி இருந்தது! புது இழைகளில் பல, விலாசம் மாறிப் போய்விடுமாம். மூளைதான் மறுபடி படிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் மூளை சீக்கிரம் படித்துவிடும்; நம் வயசில் முழுசாகத் திரும்புவது அபூர்வம்.

தினம் ராத்திரி டியூஷன். கண்ணை மூடிக்கொள்வேன். மனைவி எதையாவது விரலில் வைப்பாள்.

"பட்டன்."

"என் தோடுங்க!"

கண்ணைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி தடவ வேண்டும். சாவி, ரூபாய் நாணயம், துவரம்பருப்பு என்று பாடம் நடந்தது.

நேற்று விரலில் ஏதோ மெத்தென்று பட்டது.

"பஞ்சு?"

"இல்லை."

"பட்டுத் துணி?"

சிரிப்புச் சத்தம். திறந்தால், மகளின் கன்னம்! பிறந்து ஆறு மாதம் கழித்து, வலது கையால் முதல்முறையாக அவளைத் தொட்டேன். தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண் கலங்கியது.

அடுத்த நிமிஷம் தொடையெல்லாம் ஈரம். அதைக் கண்டுபிடிக்க மட்டும் எந்த டியூஷனும் தேவைப்படவில்லை!