சேர்ந்த தேதி என்ன, சார்?

காரைக்காலில் பென்ஷன் என்றால் எந்தப் பென்ஷன் என்று கேட்க வேண்டும். ‘சொல்தா’ வீடுகளில் அது பிரான்ஸிலிருந்து வருவது; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் அவை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியும் அந்தப் பணம் நிற்கவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு: பணியில் சேர்ந்த தேதி. புதுச்சேரி அரசு மத்திய அரசின் விதிகளைப் பின்பற்றுவதால் ஓய்வு வயது 60. 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்திருந்தால் பழைய பென்ஷன், பிறகென்றால் என்.பி.எஸ். வாஞ்சூரைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனால் தமிழ்நாடு. அங்கே அந்தக் கோடு 2003 ஏப்ரல் 1. இரு பக்கத்து ஆசிரியர்களும் நெடுங்காலம் நடத்தியது ஒரே பாடப்புத்தகம்தான்.

பழைய முறையில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். 90,000 ரூபாய் வாங்கியவருக்கு 45,000, அகவிலைப்படி தனி. இதில் 40 சதவீதம் வரை முன்பணமாக வாங்கலாம். அதுதான் கம்யூட்டேஷன். 60 வயதில் ஓய்வு பெறுபவர் மாதம் 18,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கைக்கு வருவது சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம். பிடித்தம் 15 ஆண்டு. மொத்தம் 32 லட்சத்து 40 ஆயிரம்! கணக்கு வாத்தியார்களே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடுவது உண்டு. அகவிலைப்படி மட்டும் முழு 45,000-க்கும் கணக்கிடப்படும் என்பது ஓர் ஆறுதல்.

கிராஜுவிட்டியும் ஜிபிஎஃப்பும் சேர்ந்து வரும் அந்த மாதத்தில்தான் மகள் கல்யாணமும் மாடி கட்டும் யோசனையும் வீட்டுக்குள் நுழைகின்றன. அதற்கு முன் தபால் நிலையத்துக்கு ஒரு நடை போவது நல்லது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும்.

என்.பி.எஸ். ஆசிரியரின் கவலை வேறு. சேர்ந்த தொகை 60 லட்சம் என்று வையுங்கள். குறைந்தது 24 லட்சத்துக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கியாக வேண்டும்; 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 12,000. அரிசி விலை ஏறினாலும் அது வழக்கமாக ஏறாது, அகவிலைப்படி கிடையாதே.

தனியார் பள்ளி ஆசிரியருக்கு இந்தப் பன்னிரண்டாயிரமே பெரிய தொகை. பி.எஃப். பென்ஷன் 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 35 ஆண்டுக் கணக்குக்கும் 7,500-தான். 58 வயதில் அவர்களில் பலருக்கு முடிவது பள்ளி வேலை மட்டும். மாலை டியூஷன் தொடர்கிறது.