தாடை நோவுக்கு ஒளி வைத்தியம்



ரொட்டியைக் கடிக்கும்போது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம் வருகிறதா? கொட்டாவி விட்டால் தாடை பிடித்துக்கொள்கிறதா? இது தாடை மூட்டிலும் மெல்லும் தசையிலும் வரும் நோவாக இருக்கலாம். தூக்கத்தில் பல்லை நெறிப்பதும், கவலையில் பல்லை இறுக்குவதும் இதைக் கூட்டும்.

“டவுன்ல லைட் புடிச்சு நோவை எடுக்கிறாங்களாமே, நெசமா?” என்று கேட்பவர்கள் உண்டு.

அப்படி ஒரு முறை இருப்பது நெசந்தான். 1967இல் ஹங்கேரி நாட்டு வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள் மேல் குறைந்த சக்தி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். அந்த இடத்தில் மயிர் சீக்கிரம் முளைத்தது. இந்த வைத்தியம் தொடங்கியது அங்கேதான். நோகும் இடத்தில் சில நிமிடம் ஒளியைப் பிடிப்பார்கள். சுடாது, ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பல தடவை போகவேண்டும். சிலருக்கு நோவு குறைகிறது, சிலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. 2023இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வந்த வழிகாட்டி, நாட்பட்ட தாடை நோவுக்குத் தாடைப் பயிற்சி போன்றவற்றுக்கே முதலிடம் கொடுத்தது. ஆகவே கடன் வாங்கி ஒளி பிடிக்க ஓடாதீர்கள்.

முதலில் வீட்டில் செய்யக்கூடியது: இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தடம், சில நாளைக்கு மெதுவான சாப்பாடு. கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் தாங்குங்கள். சும்மா இருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். மலைத் தோட்டத்து லயமானாலும் மாவடிப்பள்ளி போன்ற கிழக்குக்கரை ஊரானாலும், வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் கவனியுங்கள். “வர வர வாயத் தொறக்க முடியல, காரம் பட்டா எரியுது” என்றால் அது மூட்டு நோவு இல்லாமல் இருக்கலாம். பாக்கினால் கன்னத்து உட்சதை நார் போல இறுகும் நோய் ஒன்று உண்டு. அது புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்திருக்கிறது. ஒளி பிடித்து இதைப் போக்க முடியாது.

இன்றைக்கே பாருங்கள்: உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். போகவில்லையா? வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருக்கிறதா? பாக்கை நிறுத்துங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடமோ போங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, உயிர் பெரிது.