உறைபெட்டிக்குள் காந்தம்: எப்படி இயங்குகிறது?

கிள்ளான் பசாரில் சனிக்கிழமை வாங்கிய தெங்கிரித் துண்டுகளை ஒரே பொட்டலமாகக் கட்டி ஐஸ்பெட்டியில் போடுகிறோம். புதன்கிழமை எடுத்து இளகவிட்டால், கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்குகிறது. குழம்பில் மீன் சக்கையாக உதிர்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

முதலில் கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் விட்டால் பெரிய கட்டிகளாக விளையும். அதே பாகை விடாமல் கிளறினால் பொடியாகப் பூத்துவிடும். மீனுக்குள் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான்: மெதுவாகக் குளிர்ந்தால் பெரிய படிகம், வேகமாகக் குளிர்ந்தால் சின்னப் படிகம். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கவும் செய்யும். அதனால் பெரிய படிகங்கள், அரிசிப் பையில் ஆணி குத்துவதுபோல் சதையின் நுண்ணறைகளைக் கிழிக்கின்றன. இளகியதும் சாறு வெளியே ஒழுகிவிடுகிறது.

அடுத்து, 0 டிகிரியைத் தொட்டதுமே தண்ணீர் உறைந்துவிடாது. பனிக்கட்டிக்கும் பற்றிக்கொள்ள ஒரு 'நூல்' வேண்டும். அது கிடைக்காதவரை 0 டிகிரிக்குக் கீழேயும் தண்ணீராகவே நிற்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் போத்தலை மேசையில் தட்டியதும், சில நேரம் மளமளவென்று வெளுத்து இறுகுமே, அது இதனால்தான். மீனையும் இப்படிக் காக்கவைத்து, பிறகு சட்டென்று உறையவைத்தால் எங்கும் சின்னப் படிகங்களே விளையும்.

இங்கேதான் காந்தம் வருகிறது. ஜப்பானின் ஏபிஐ நிறுவனம் 'காஸ்' என்ற பெயரில் விற்கும் உறைபெட்டியில், அடிக்கடி திசை மாறும் மெல்லிய காந்தப்புலம் உணவின்மேல் படுகிறது. தண்ணீர் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது. பிறகு எது அசையும்? 2014இல் கோபயாஷி, கிர்ஷ்விங்க் என்ற ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: சதைக்குள் இருக்கும் மேக்னடைட் என்ற நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களே அந்த 'நூல்', காந்தப்புலம் அவற்றை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. ஆடும் நூலில் கற்கண்டு எளிதில் பிடிக்காது அல்லவா?

விளக்கம் அழகானது. ஆனால், அந்தப் பெட்டிக்குள் கடுங்குளிர்க் காற்றும் வேகமாக வீசுகிறது. பலன் காந்தத்தாலா, காற்றாலா? சாம்பார் மணத்தது பெருங்காயத்தாலா, பருப்பாலா என்று அறிய, பெருங்காயம் போடாமல் இன்னொரு சட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். ஸ்டீம்போட்டில் நாம் போடும் நண்டுக் குச்சிகளைக் காந்தப்புலத்தோடும் அது இல்லாமலும் உறையவைத்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே, இன்றைக்கு நாம் நம்பக்கூடியது வேகம்தான். அது நம் வீட்டிலேயே கிடைக்கும். முதலில் தெங்கிரியைத் துடைத்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அலுமினியத் தட்டில் பரப்புங்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடி, உறைபெட்டியில் வையுங்கள். கல்போல் இறுகியபின் ஒரே பையில் போட்டுக்கொள்ளலாம். புதன்கிழமை கிண்ணத்தின் அடியைப் பாருங்கள், தண்ணீர் குறைந்திருக்கும்.