இடைவெளிக்குப் பின் ஐ.டி. வேலை: பயத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

பிள்ளை வளர்ப்பு, பெற்றோரின் நோய், குடும்பத்தின் இடமாற்றம் என்று ஐ.டி. வேலையை விட்டவர்கள், ஐந்தாறு ஆண்டு கழித்துத் திரும்ப நினைத்தால் முதலில் வந்து நிற்பது பயம்தான். 'எல்லாமே மாறிப்போச்சு, இனி நமக்கு வருமா?' என்ற அந்தப் பயத்தைக் காசாக்க ஒரு கூட்டமே காத்திருக்கிறது. விட்டுப்போன திறமையை அதிகச் செலவில்லாமல் மீட்கலாம். ஏமாற்றினால் கேட்கச் சட்டமும் இருக்கிறது.

எது போனது, எது நிற்கிறது?

ஜாவாவை எடுத்துக்கொள்வோம். 2014-இல் ஜாவா 8 வந்தது. 2021-இல் 17, 2023-இல் 21 என்று நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் வந்தன. கன்ஸ்ட்ரக்டர், கெட்டர் என்று முன்பு ஒரு பக்கத்துக்கு நீண்ட கிளாஸை இன்று 'ரெக்கார்ட்' கொண்டு ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஆப்ஜெக்ட், இன்டர்ஃபேஸ், எக்ஸப்ஷன் எல்லாம் நீங்கள் படித்தவைதான். எஸ்.கியூ.எல்.-இல் ஜாயின் எழுதத் தெரிந்தவருக்கு அது இன்றும் சோறு போடும்.

உண்மையிலேயே காலாவதியானவையும் உண்டு. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்தது. ஃபிளாஷ் அதே ஆண்டின் கடைசியிலும், ஆங்குலர்ஜேஎஸ் 2021 கடைசியிலும் விடைபெற்றன. அவற்றைத் தூசி தட்ட வேண்டாம். கிட், ஸ்பிரிங் பூட், டாக்கர், கிளவுட் அடிப்படை ஆகியவற்றில் நேரத்தைப் போடுங்கள். ஏ.ஐ. கருவி எழுதித் தரும் கோடில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் பழகுங்கள். பழைய அனுபவம் அங்கேதான் கைகொடுக்கும்.

ஸ்வயம், என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். படிப்பதோடு நிறுத்தாமல் ஒன்றைச் செய்து காட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை தண்ணீர் லாரி வந்தது, வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடும் சின்னச் செயலி போதும். டேட்டாபேஸ், லாகின், டெஸ்ட் மூன்றும் அதில் இருக்கட்டும். கிட்ஹப்பில் படிப்படியாக ஏற்றுங்கள். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அது அதிகம் பேசும்.

மூன்று வலைகள்

முதலாவது, 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' தரும் பயிற்சி மையம். சேர்க்கை மேசையிலேயே போனை வாங்கி, 'தவணைக்குத்தான் மேடம், ஓ.டி.பி. சொல்லுங்க' என்பார்கள். சொன்ன நொடியில் உங்கள் பெயரில் நிதி நிறுவனக் கடன் ஏறியிருக்கும். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. எனவே ஓ.டி.பி. சொல்லும் முன் வட்டி, கட்டணங்களைக் காட்டும் முக்கிய விவரப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இரண்டாவது, போலி அனுபவச் சான்றிதழ். இடைவெளியை மறைக்கப் பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். பி.எஃப். யு.ஏ.என். கணக்கில் எங்கே, எப்போது வேலை பார்த்தீர்கள் என்பது பதிவாகியிருக்கும். பின்னணிச் சோதனையில் குட்டு உடையும். போலி ஆவணத்தை உண்மைபோல் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

மூன்றாவது, ஆஃபர் லெட்டருக்கு 'டெபாசிட்'. வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

* ஆன்லைனில் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.
* டிஜிட்டல் கடனில், அபராதமின்றி விலக ஓர் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது குறைந்தது ஒரு நாள். அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி வெளியேறலாம். கடன் நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனை அணுகலாம். உதவி எண் 14448.
* பயிற்சி மையங்கள் பொய்யான வேலை உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிமுறை வெளியிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

இதற்கெல்லாம் ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல்தான் ஆதாரம். எதையும் அழிக்காதீர்கள்.

இடைவெளி குற்றமல்ல

ரெஸ்யூமில் '2018–2024: குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வரி நேராக எழுதுங்கள். பழைய கம்பெனி மூடிவிட்டாலும் பி.எஃப். பாஸ்புக்கும் ஃபார்ம் 16-உம் உங்கள் உண்மையான அனுபவத்துக்குச் சாட்சி. இடைவெளிக்குப் பின் வரும் பெண்களுக்கென்றே டாடா குழுமம் 2008-இல் தனித் திட்டம் தொடங்கியது. பிற நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட திட்டங்கள் உண்டு. அவர்களின் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். 'நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க' என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்; எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.